வெறுங்கையின் கொடை

ஒரு நோட்டுப்புத்தகம். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற சாதாரண நோட்டு. ஒரு கை வந்து அட்டையைத் திறக்கிறது. மை ஒற்றும் தாளை விலக்குகிறது. அடியில் நெருக்கி எழுதிய வரிகள் தெரிகின்றன. ஓர் இளைஞனின் குரல், ஏற்ற இறக்கம் ஏதுமின்றி, பேசத் தொடங்குகிறது. தன் எளிய வாழ்வில் நடப்பதை நாள்தோறும் ஒளிவுமறைவின்றி எழுதி வைக்கப்போவதாகச் சொல்கிறது. பிறகுதான் ஊரின் பெயர்ப்பலகை வருகிறது: ஆம்ப்ரிக்கூர். அதற்கும் பிறகுதான் முகம் வருகிறது. களைத்துப்போய், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் ஓர் இளம் பாதிரியார். சற்றுத் தள்ளி, தழுவி நின்ற ஆணும் பெண்ணும் அவரைக் கண்டதும் விலகி நடக்கிறார்கள். ஊருக்கு வந்த கையோடு, பார்க்கக் கூடாத ஒன்றை அவர் பார்த்துவிட்டார்.

பிரெஞ்சு இயக்குநர் ரொபேர் பிரெஸ்ஸோனின் ‘ஒரு கிராமத்துப் பாதிரியாரின் நாட்குறிப்பு’ இப்படித் தொடங்குகிறது. 1951இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடுவது. இதைப் பல முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் என் கண் முதலில் தேடிப் போவது கைகளைத்தான். எழுதும் கை, ரொட்டியை மதுவில் நனைக்கும் கை, நெருப்புக்குள் நீளும் கை, அழுக்கடைந்த முகத்தைக் கழுவும் கை. இவற்றின் வழியாகவே இந்தப் படம் தன் கதையைச் சொல்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கைகளில் பெரும்பாலும் எதுவுமே இல்லை என்பதுதான் படத்தின் உயிர்நிலை.

கதை மிகச் சிறியது. குருப்பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் வட பிரான்சின் சிற்றூர் ஒன்றுக்குப் பங்குத்தந்தையாக வருகிறார். அதுவே அவருடைய முதல் பங்கு. ஊர் அவரை ஏற்கவில்லை. வயிற்றில் தீராத வலி. பழைய ரொட்டியைச் சர்க்கரை கலந்த மதுவில் நனைத்து உண்பதைத் தவிர வேறு எதுவும் ஒத்துக்கொள்வதில்லை. அதைப் பார்த்து ஊர் அவருக்குக் குடிகாரர் என்று பெயர் வைக்கிறது. ஊரின் பிரபு வீட்டில் மகளுக்கு ஆசிரியையாக இருக்கும் பெண்ணோடு பிரபுவுக்கு உறவு. மகள் ஷந்தாலின் மனத்தில் வெறுப்பு. சீமாட்டியின் மனத்தில், சிறு வயதிலேயே இறந்துபோன மகனைப் பற்றிய துயரம். இவர்களுக்கு நடுவே இவர் நடந்து போகிறார், பேசுகிறார், தோற்கிறார், எழுதுகிறார், இறக்கிறார். படம் முடியும் வரை அவருடைய பெயர்கூட நமக்குத் தெரிவதில்லை.

மூல நாவலை எழுதியவர் ஜார்ஜ் பெர்னானோஸ். பாரிஸில் 1888இல் பிறந்தவர்; இளமையில் அவர் மனத்தில் பதிந்தது ஆர்த்துவாப் பகுதியிலுள்ள ஃப்ரெஸ்ஸான் என்ற சிற்றூர். சேறும் மழையும் ஏர் உழுத வயலுமாக விரியும் அந்த வடக்கு நிலமே அவருடைய கதைகளின் நிலம். ஆம்ப்ரிக்கூர், தோர்சி என்று நாவலில் வரும் பெயர்கள் அங்கே இன்றும் இருக்கும் ஊர்களின் பெயர்கள். 1933இல் மோட்டார் சைக்கிள் விபத்தொன்றில் அவருடைய கால் நிரந்தரமாக முடமானது. ஆறு பிள்ளைகள், கையில் காசில்லை. வாழ்க்கைச் செலவு குறைவு என்பதற்காக 1934இல் குடும்பத்தோடு ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்குப் போனார். தன் பிள்ளைப் பருவத்தின் மழை ஊரை, வெயில் காயும் அந்தத் தீவில் இருந்தபடி எழுதினார். நாவல் 1936இல் வெளிவந்தது. பிரெஞ்சு அகாதெமி நாவலுக்கு வழங்கும் பெரும் பரிசை அதே ஆண்டில் பெற்றது.

அந்த நாவலைப் படமாக்குவது எளிதல்ல. நாட்குறிப்பு என்பது உள்ளே நடப்பதை எழுதுவது. கேமராவோ வெளியே நடப்பதைத்தான் பார்க்கும். போருக்குப் பிந்தைய பிரெஞ்சு சினிமாவில் இதற்கு ஒரு தயார்நிலைத் தீர்வு இருந்தது. ஜான் ஓராஞ்ச், பியேர் போஸ்ட் என்ற இருவர் அக்காலத்தின் புகழ்பெற்ற திரைக்கதை இணையர். நாவலில் படமாக்க முடியாத காட்சிகள் உண்டு. அவற்றுக்கு ஈடாக வேறு காட்சிகளைக் கண்டுபிடித்து வைக்க வேண்டும் என்பது அவர்கள் வழி. ‘நாட்குறிப்பு’ நாவலுக்கும் அவர்கள் அப்படி ஒரு திரைக்கதை எழுதினார்கள். பெர்னானோஸ் அதை நிராகரித்தார்.

அந்தத் திரைக்கதையில் என்ன இருந்தது என்பது 1954இல் பரவலாகத் தெரியவந்தது. அப்போது 21 வயதான ஃப்ரான்ஸுவா த்ரூஃபோ, ‘கயே து சினிமா’ இதழில் எழுதிய புகழ்பெற்ற தாக்குதல் கட்டுரையில் அதைப் பிரித்துப் போட்டார். நாவலில், ஒப்புரவு அறையின் இருட்டுக்குள் ஷந்தாலின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவருகிறது. அந்த முகத்திலேயே இளம் பாதிரியார் அவளுடைய துயரத்தைப் படித்துவிடுகிறார். இதைப் படமாக்க முடியாது என்று கருதிய இணையர், ஷந்தால் நற்கருணை அப்பத்தை வாயிலிருந்து துப்புவதாக ஒரு காட்சியை அந்த இடத்தில் வைத்தார்கள். நாவல் முடியும் இடத்தில் ஒலிக்கும் அருள் பற்றிய சொல்லையும் எடுத்துவிட்டு, மரணத்தோடு எல்லாம் முடிந்தது என்ற கசப்பை வேறொரு பாத்திரத்தின் வாயில் வைத்தார்கள். த்ரூஃபோவின் வாதம் எளிமையானது: படமாக்க முடியாது என்று அவர்கள் ஒதுக்கிய அதே காட்சியைப் பிரெஸ்ஸோன் எடுத்துக் காட்டிவிட்டாரே, பிறகென்ன முடியாமை?

உண்மைதான். படத்தில் அந்த ஒப்புரவு அறைக் காட்சியைப் பாருங்கள். திரை முழுக்க இருட்டு. ஷந்தாலாக நடித்த நிக்கோல் லாத்மிராலின் முகம் மட்டும், உடலிலிருந்து கழன்று வந்ததுபோல், அந்த இருட்டில் வெளுத்து மிதக்கிறது. அவள் வாயில் வருவதெல்லாம் வெறுப்பு. அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. உன்னிடம் ஒரு கடிதம் இருக்கிறது, அதைக் கொடு என்கிறார். கடிதம் இருப்பது எப்படித் தெரிந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. அவள் திகைத்துப்போய் எடுத்து நீட்டுகிறாள். தற்கொலை எண்ணத்தோடு எழுதிய கடிதம் அது. அவர் அதைப் படிக்காமலே எரித்துவிடுகிறார். ஒரு முகம், ஓர் உறை, வாங்கிக்கொள்ளும் ஒரு கை. இவ்வளவுதான் காட்சி. ஈடு தேட வேண்டிய தேவையே எழவில்லை.

பெர்னானோஸ் 1948இல் இறந்தார். அவருடைய எழுத்துகளைப் பேணும் பொறுப்பு விமர்சகர் அல்பேர் பெகேனிடம் இருந்தது. பிரெஸ்ஸோன் எழுதிய திரைக்கதைக்கு அவருடைய ஆதரவு கிடைத்தது. பிரெஸ்ஸோன் அதற்கு முன் இரண்டு முழுநீளப் படங்களை எடுத்திருந்தார். 1943இல் வந்த முதல் படத்துக்கு ஜான் ஜிரோதூவும், 1945இல் வந்த இரண்டாவது படத்துக்கு ஜான் காக்தோவும் உரையாடல் எழுதினார்கள். இரண்டுமே தொழில்முறை நடிகர்களை வைத்து எடுத்த, மெருகேறிய படங்கள். மூன்றாவது படத்துக்கு உரையாடல் எழுத அவர் எந்தப் பெரிய எழுத்தாளரையும் அழைக்கவில்லை. பெர்னானோஸின் சொற்களே போதும் என்று முடிவு செய்தார். நாவலிலிருந்து நிறைய வெட்டினார். புதிதாகச் சேர்த்தது மிகக் குறைவு. இன்று நாம் ‘பிரெஸ்ஸோன்’ என்று சொல்லும்போது மனத்தில் எழும் அந்தக் கலை இந்தப் படத்தில்தான் பிறந்தது.

நாட்குறிப்பை அவர் கையாளும் விதத்தில் அந்தக் கலையின் முதல் அடையாளம் இருக்கிறது. எழுதும் கையைப் பார்க்கிறோம். எழுதியதைக் குரலாகக் கேட்கிறோம். எழுதப்பட்டது நடப்பதையும் பார்க்கிறோம். சினிமா இலக்கணம் அறிந்த எவரும் இதைப் பிழை என்பார்கள். காட்டுவதைச் சொல்லாதே, சொல்வதைக் காட்டாதே என்பது பாலபாடம். பிரெஸ்ஸோன் மூன்றையும் அடுத்தடுத்து வைக்கிறார். கச்சேரியில் ஒரே அடியை மூன்று சங்கதிகளில் பாடும் பாடகரை நினைத்துக்கொள்கிறேன். சாகித்தியம் மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் அது இன்னும் ஒரு சுற்று உள்ளே இறங்குகிறது. எழுத்து அந்த மனிதருக்குச் சொந்தம். குரல் நமக்கும் அவருக்கும் பொது. நிகழ்ச்சியோ ஊர் முழுவதும் பார்க்கக் கிடைப்பது. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும்போது அவை சரியாகப் பொருந்தாமல் சிறிது விலகி நிற்கின்றன. ஊர் பார்ப்பது ஒரு குடிகாரரை. எழுத்தில் இருப்பது ஒரு நோயாளி. குரலில் ஒலிப்பது தன்னைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்லாத ஒரு குழந்தை. அந்த விலகலுக்குள்தான் நாம் நுழைகிறோம்.

படம் வெளிவந்த சில மாதங்களிலேயே, 1951 ஜூன் ‘கயே து சினிமா’ இதழில், விமர்சகர் ஆந்த்ரே பஸான் இதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். இரண்டையும் ஒப்பிட்டால் நாவல்தான் காட்சிகளால் நிரம்பியது, படம்தான் இலக்கியத்தன்மை மிக்கது என்று அவர் கண்டுகொண்டார். பெர்னானோஸின் உரைநடை படிமங்களால் கொழுத்தது. வாசகனின் மனக்கண்ணுக்கு ஓயாமல் வேலை கொடுப்பது. சாதாரண இயக்குநர் ஒருவருக்கு அது கொண்டாட்டமாக இருந்திருக்கும். பிரெஸ்ஸோன் அந்தக் காட்சிச் செழிப்பைத் தொடவில்லை; சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரு மலையையோ மரத்தையோ படம்பிடிப்பவர் அதைத் திருத்த மாட்டார் அல்லவா? நாவலின் வாக்கியங்களை அவர் அப்படியே நடத்தினார். அவை அவருக்கு முன்னால் ஏற்கெனவே இருந்த பொருள்கள். கேமரா அவற்றின் எதிரே நின்றது.

இதில் ஓர் இழப்பும் உண்டு. பெர்னானோஸ் கோபக்காரர். நாவலில் வறுமையைப் பற்றியும், ஏழைகளுக்குத் திருச்சபை பட்டிருக்கும் கடனைப் பற்றியும் பக்கம் பக்கமாக அனல் பறக்கும் பேச்சு வரும். படத்தில் அந்த நெருப்பின் சூடு குறைவு. நாவலைப் படித்துவிட்டுப் படத்துக்கு வருபவருக்கு அந்தக் குரல் இல்லாத இடம் தெரியும். ஆனாலும் அந்தக் கோபத்தையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தால், இளம் பாதிரியாரின் நோட்டுப்புத்தகத்தைச் சுற்றியிருக்கும் மௌனம் நமக்குக் கிடைத்திருக்காது. எதை விடுவது என்று தெரிந்துகொள்வதுதான் இந்தக் கலைஞனின் கல்வி.

அந்த மௌனத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. க்ளோத் லெய்து என்ற பெல்ஜிய இளைஞர் கிடைத்தார். அவர் நடித்த முதல் படம் இதுவே. அகன்ற நெற்றி, பெரிய கண்கள், எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போன்ற உதடுகள். நடிப்பு என்று நாம் வழக்கமாகச் சொல்லும் எதையும் பிரெஸ்ஸோன் அவரிடம் கேட்கவில்லை. அழுகையை முகத்தில் வரவழைக்காதே, குரலில் உணர்ச்சி ஏற்றாதே, சொல்லைச் சொல், போதும். இப்படி உணர்ச்சியை அடக்கி அடக்கி, கடைசியில் முகம் நீர் வற்றிய குளம் போலாகிவிடுகிறது. அடியில் என்ன கிடக்கிறது என்பது அப்போதுதான் தெரிகிறது. லெய்து பின்னாளில், 1962இல், பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் குழந்தைகள் தூங்கப் போகும் முன் பார்ப்பதற்கான ஒரு பொம்மலாட்ட நிகழ்ச்சியை உருவாக்கி ஒரு தலைமுறைக்கே பிரியமானவரானார். இந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது வியப்பாக இராது.

அவருக்கு நேர்எதிர், தோர்சி ஊரின் மூத்த பங்குத்தந்தை. தடித்த உடம்பு, உரத்த குரல், மண்ணில் ஊன்றிய கால். இளையவரை அதட்டுவார், அணைத்துக்கொள்வார். அந்த வேடத்தில் வருபவர் உண்மையில் மருத்துவர். பிரெஞ்சு உளப்பகுப்பாய்வின் முன்னோடிகளில் ஒருவரான அத்ரியான் போரெல், புனைபெயரில் நடித்தார். அடுத்தவரின் அந்தரங்கத்தைக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவரைப் பாதிரியாராக்கிய அந்தத் தேர்வை என்னவென்று சொல்வது! இளையவர் பேசும்போது அவர் செவி சாய்த்து அமர்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். கேட்டுப் பழகிய ஒருவரின் அமைதி அது, ஒத்திகையில் வருவதில்லை.

ஒளிப்பதிவு லெயோன்ஸ் ஆன்ரி ப்யூரெல். பேசாப் பட காலத்தில் ஆபெல் கான்ஸின் பெரும் படைப்புகளில் பணியாற்றிய மூத்த கலைஞர். இங்கே அவர் தீட்டுவது முழுக்கச் சாம்பல் நிறம். வெயில் என்பதே இல்லை. ஈர வயல், இலையுதிர்ந்த மரம், கறுத்த அங்கி, கம்பிக் கதவுகள், சன்னல் சட்டங்கள். அந்த அங்கிக்குள் ஒரு வெளுத்த முகம். காட்சிகள் ஒன்றினுள் ஒன்று கரைந்து மாறுகின்றன. ஒரு நாள் முடிந்து மறுநாள் தொடங்கியதுகூடத் தெரியாத காய்ச்சல்காரரின் பொழுதுகளைப் போல. திரைக்கு வெளியே ஒலிகள் நடமாடுகின்றன. வண்டிச் சக்கரம் உருளும் ஓசை, நாய் குரைப்பு, கதவு மூடும் சத்தம். ஊர் அவரிடம் பேசுவதில்லை. ஆனால் ஊரின் ஓசை அவரை விடுவதும் இல்லை.

இவை எல்லாம் போய்ச் சேரும் இடம் சீமாட்டியின் அறை. படத்தின் நடுநாயகம் அந்தக் காட்சி. மகளைப் பற்றி எச்சரிக்க வருகிறார் பாதிரியார். பேச்சு மெல்ல மெல்ல வேறு திசையில் நகர்கிறது. மகன் இறந்த நாளிலிருந்து அந்த அம்மையார் கடவுளோடு பேச்சை நிறுத்திக்கொண்டவர். கோயிலுக்குப் போவார், முழந்தாளிடுவார், செபம் சொல்வார்; உள்ளே மட்டும் கதவு சாத்தியிருக்கும். மகனுடைய முடிச்சுருளை வைத்த பதக்கம் ஒன்று அவர் கழுத்தில் தொங்குகிறது. கணவனின் துரோகமோ மகளின் வெறுப்போ அவரைத் தொடுவதில்லை. துக்கத்தையே அவர் தன் சொத்தாக்கிக்கொண்டுவிட்டார்.

அந்த இளைஞர் அவரிடம் கெஞ்சவில்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. அந்தக் கதவைத் தட்டுகிறார். தட்டிக்கொண்டே இருக்கிறார். இருவரும் அமர்கிறார்கள், எழுகிறார்கள், கணப்பின் அருகே நிற்கிறார்கள். வெளியே தோட்டக்காரர் சருகு வாருகிறார். அவருடைய வாருகோல் தரையில் பிறாண்டும் ஓசை அறைக்குள் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஓர் ஆன்மாவின் போராட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான இசையை யாராலும் எழுதியிருக்க முடியாது என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். உலகம் தன் பாட்டுக்கு நடக்கிறது; சருகு வாரப்படுகிறது; இங்கே ஒருத்தியின் பல ஆண்டுச் சினம் வேரோடு அசைகிறது.

கடைசியில் அவர் பணிகிறார். பணிந்த வேகத்தில் கழுத்துப் பதக்கத்தைக் கழற்றி நெருப்பில் எறிந்துவிடுகிறார். பாதிரியாரின் கை உடனே நெருப்புக்குள் பாய்ந்து அதை மீட்கிறது. இந்த ஒரு செய்கைக்காக மட்டுமே இந்தப் படத்தை எத்தனை முறையும் பார்ப்பேன். அதுவரை அவர் பேசியது முழுக்கத் துறப்பைப் பற்றி. அந்தத் தாய் துறந்ததும் அவர் கையைச் சுட்டுக்கொண்டு அதைத் திருப்பி எடுக்கிறார். மகனின் நினைவை எரிக்கும்படி கடவுள் கேட்கவில்லை. கதவைத் திறக்கும்படி மட்டுமே கேட்டார். சொற்களால் விளக்கினால் பிரசங்கமாகிவிடக் கூடிய ஒன்றை, கையின் ஓர் அசைவு சொல்லி முடித்துவிடுகிறது.

அன்று சீமாட்டியிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. தான் அமைதியடைந்ததை அதில் அவர் எழுதியிருக்கிறார். அன்றிரவே அவர் இறந்துபோகிறார். பாதிரியார் அந்த வீட்டுக்குப் போய், படுக்கையருகே நிற்கிறார். அப்போதுதான் நாட்குறிப்பின் மையமான வியப்பு எழுத்தில் வருகிறது: தன்னிடம் இல்லாத அமைதியைத் தான் இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறோம் என்ற வியப்பு. வெறுங்கையால் கொடுத்த கொடை. அவருக்கோ செபிக்கக்கூட முடியவில்லை. இரவெல்லாம் விழித்துக் கிடந்தாலும் உள்ளே வறட்சிதான். ஊற்றே இல்லாத கிணற்றிலிருந்து அடுத்தவர் தாகம் தீர நீர் வந்திருக்கிறது.

அதற்கு அவர் பெற்ற கூலி பழிச்சொல். சன்னலுக்கு வெளியே நின்று பேச்சில் பாதியைக் கேட்ட ஷந்தால், தன் தாயை இவர் வதைத்துக் கொன்றார் என்று கதை பரப்புகிறாள். பிரபு முகம் கொடுக்க மறுக்கிறார். தோர்சித் தந்தையே வந்து விசாரிக்கிறார். ஒற்றைத் தாளில் அவருடைய குற்றமின்மைக்குச் சான்று இருக்கிறது. சீமாட்டியின் கடிதம் அவரிடம் பத்திரமாக இருக்கிறது. அவர் அதை எடுத்துக் காட்டவில்லை. யாருக்கும் எப்போதும் காட்டவில்லை. இந்த இடத்தில் வேறொரு இயக்குநர் என்றால் அந்தக் கடிதத்தைக் கேமராவால் உற்றுப் பார்த்திருப்பார், நம் கண்ணில் நீர் வரவழைத்திருப்பார். பிரெஸ்ஸோன் கடந்து போகிறார். தன்னைக் காத்துக்கொள்ளாத மனிதரைப் பற்றிய படம், தன் பாத்திரத்துக்காக வாதாடவும் மறுக்கிறது.

பிறகு வரும் இரண்டு காட்சிகளை மனம் தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறது. மறைக்கல்வி வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் மிகச் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, அவருடைய கண்கள் அழகாக இருப்பதால்தான் கவனித்ததாகக் கூறித் தோழிகளோடு சேர்ந்து சிரித்து அவரை அவமானப்படுத்திய சிறுமி செராஃபீத்தா நினைவிருக்கும். இரவில், சேற்றில், அவர் மயங்கிக் கிடக்கும்போது விளக்கோடு வருபவள் அவள்தான். தண்ணீர் எடுத்து வந்து அவர் முகத்தைத் துடைக்கிறாள். சிலுவைப் பாதையில் இயேசுவின் முகம் துடைத்த வெரோணிக்காவை அறிந்தவர்களுக்கு அது உடனே தெரியும். அறியாதவர்களுக்கும் குறையில்லை. ஏளனம் செய்த சிறு கை இரக்கத்துக்கும் தெரிந்த கையாக இருந்தது என்பதே போதும்.

மற்றது, மோட்டார் சைக்கிள். ஷந்தாலின் உறவினனான ஒலிவியே அயல்நாட்டுப் படையணியில் இருப்பவன். ரயில் நிலையத்துக்குப் போகும் பாதிரியாரைத் தன் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொள்கிறான். காற்று முகத்தில் அறைகிறது. அவர் சிரிக்கிறார். படம் முழுக்கத் தேக்கிவைத்த இளமை அந்தச் சில கணங்களில் பொங்கி வருகிறது. இவருக்கும் வயது இருபதுகள்தான், இவருக்கும் ஒரு நண்பன் வாய்த்திருக்கலாம், வேகத்தின் இன்பம் தெரிந்திருக்கலாம் என்று அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. தன்னை முடமாக்கிய அதே வாகனத்தை, அந்த விபத்து நடந்து மூன்றே ஆண்டுகளுக்குள் வெளிவந்த நாவலில், தன் நாயகனின் ஒரே மகிழ்ச்சியாக வைத்த பெர்னானோஸை அந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

லீல் நகரத்தில் மருத்துவர் உண்மையைச் சொல்லிவிடுகிறார்: வயிற்றில் புற்றுநோய். ஒரு தேநீர்க்கடை போன்ற சிறு உணவகத்தில் உட்கார்ந்து அவர் அதை எழுதுகிறார். பிறகு, குருத்துவத்தை விட்டுவிட்டு ஒரு பெண்ணோடு ஏழ்மையில் வாழும் பழைய குருமடத் தோழன் துஃப்ரெத்தியின் வீட்டுக்குப் போகிறார். எழுத்து கோணுகிறது, பென்சிலைப் பிடிக்கும் வலு கையில் இல்லை. முதல் காட்சியில் நோட்டைத் திறந்த அதே கை.

அத்துடன் அவருடைய குரல் நிற்கிறது. அவர் இறந்ததை நாம் பார்ப்பதில்லை. துஃப்ரெத்தி தோர்சித் தந்தைக்கு எழுதிய கடிதம் வருகிறது. அதைத் தோர்சித் தந்தையின் குரல் வாசிக்கிறது. அப்போது திரையில் முகமில்லை, அறையில்லை, கட்டிலில்லை. வெளுத்த பரப்பில் ஒரு சிலுவை மட்டும் நிற்கிறது. வேறொரு பாதிரியார் வந்து சேரத் தாமதமாகவே, குருத்துவத்தைக் கைவிட்ட அந்தத் தோழனிடமே பாவமன்னிப்புப் பெற்று அவர் இறந்தார் என்று கடிதம் சொல்கிறது. அருளுக்கு வெளியே எதுவும் இல்லை என்ற பொருளில் அவர் கடைசியாகச் சொன்ன சில சொற்களோடு முடிகிறது. ஓராஞ்சும் போஸ்ட்டும் நீக்கிய சொற்கள் அவைதாம்.

வெனிஸ் விழாவில் 1951இல் இந்தப் படம் பரிசு பெற்றது. அதே விழாவில்தான் குரோசாவாவின் ‘ராஷோமோன்’ தங்கச் சிங்கம் வென்றது. தார்க்கோவ்ஸ்கியிடம் 1972இல் பிடித்த படங்களைக் கேட்டபோது அவர் பட்டியலில் முதலாவதாக எழுதியது இதைத்தான். அதே ஆண்டு பிரெஸ்ஸோனைப் பற்றியும் ஓஸு, ட்ரையர் ஆகியோரைப் பற்றியும் நூல் எழுதிய பால் ஷ்ரேடர், பின்னர் ‘டாக்ஸி டிரைவர்’ நாயகனின் கையில் ஒரு நாட்குறிப்பைக் கொடுத்தார். 2017இல் ‘ஃபர்ஸ்ட் ரிஃபார்ம்ட்’ படத்தில் வயிற்று நோயோடு எழுதும் ஒரு போதகரையே நாயகனாக்கினார். பிரெஸ்ஸோன் 1967இல் மீண்டும் பெர்னானோஸிடம் வந்து ‘மூஷெத்’ எடுத்தார்.

இது நம்பிக்கையுள்ளவர்களுக்கான படம்தானே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அந்த இளைஞருக்கே நம்பிக்கை எப்போதும் கையில் இருந்ததில்லை என்பதுதான் என் பதில். கையில் இல்லாததை அவர் கொடுத்தார். பிரெஸ்ஸோனும் அதையே செய்தார். அழகிய காட்சிகள், நடிப்பு, கண்ணீர் என்று ஓர் இயக்குநரின் கையில் இருக்கக் கூடியவற்றை ஒவ்வொன்றாகக் கீழே வைத்துக்கொண்டே வந்தார். படம் முடியும்போது அவரிடம் மிஞ்சியது ஒரு வெள்ளைத் திரை, ஒரு சிலுவை, கடிதம் வாசிக்கும் ஒரு குரல். விளக்குப் போட்ட பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல் நாம் உட்கார்ந்திருக்கிறோமே, அப்போது நம் மடியில் இருப்பது அவர் கையில் இல்லாதது.